இரவு முகத்துக்கு ஒரு மாஸ்க்: ஒரு நிகழ்வு ஆய்வு

பையிலிருந்து மாஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தார். இழுத்து இழுத்துக் கட்டியதில் பட்டைகளின் ஓரம் பிரிந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, இதைப் போட்டுக்கொண்டு விடிய விடிய விழித்திருப்பதைவிட, பழையபடி குறட்டை விட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறேன்" என்றார். மூக்குத்தண்டின்மேல் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோல் உரிந்திருந்தது. இரண்டு கண்களும் சிவந்திருந்தன.

வயது 62. பள்ளியில் 35 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன்; இங்கும் அப்படியே எழுதுகிறேன். நான் தூக்க ஆய்வகத்தில் டெக்னீஷியன். தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களுக்கு இரவு முழுவதும் மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. அதில் நோயைக் கண்டறிவதும் அழுத்தத்தை நிர்ணயிப்பதும் மருத்துவரின் வேலை. நிர்ணயித்த அழுத்தம் நோயாளியின் தொண்டைவரை போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது என் வேலை. டீச்சரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி, இந்த நிகழ்வை எழுதுகிறேன். இதில் நான் செய்த தவறு ஒன்றும் இருக்கிறது. அது மற்றவர்களுக்கு நேரக்கூடாது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

ஓர் இரவு முழுவதும் நடந்த தூக்கப் பரிசோதனையில், டீச்சருக்கு மணிக்கு 38 முறை மூச்சு நின்றோ குறுகியோ போயிருந்தது. மணிக்கு 5 வரை இயல்பு. 15 வரை லேசான நோய். 30ஐத் தாண்டினால் கடுமையானது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு ஒரு கட்டத்தில் 76 சதவீதம்வரை இறங்கியிருந்தது. இரண்டு மாத்திரைகள் எடுத்தும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை. பகலில் செய்தித்தாளைக் கையில் வைத்தபடியே உறங்கிவிடுவார். மருத்துவர் சிபேப் (CPAP) எனப்படும் அந்தக் காற்றழுத்தச் சிகிச்சையைத் தொடங்கினார். தானாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் கருவி. 6 முதல் 16 சென்டிமீட்டர் நீரழுத்தம்வரை போக அனுமதித்து அமைத்திருந்தார்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. சிபேப் கருவி அனுப்பும் காற்று உள்ளிருந்து முட்டுக்கொடுத்து, அந்தப் பாதை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. சிகிச்சையின் அடிப்படை அவ்வளவுதான். ஆனால் அந்த முட்டு நிற்க வேண்டுமானால் காற்று வழியிலேயே வெளியேறிவிடக்கூடாது. கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மாஸ்க்கும் தோலும் சேரும் அந்த ஓரத்தில்தான் சிகிச்சை வெற்றி பெறுகிறது, அல்லது தோற்கிறது.

கருவி வாங்கிய இடத்தில், "வாயால் மூச்சு விடுவீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். டீச்சர் "ஆமாம்" என்றிருக்கிறார். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழுமுக மாஸ்க், நடுத்தர அளவில் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எல்லாம் ஐந்தே நிமிடத்தில் முடிந்திருக்கிறது.

மூன்று வாரத் தரவைக் கருவியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். சராசரி பயன்பாடு இரவுக்கு 2 மணி 10 நிமிடம். கருவி ஓடும்போதும் மணிக்கு 14 முறை மூச்சுத்தடை நீடித்தது. கசிவு நிமிடத்துக்கு 58 லிட்டர். அதாவது, பயன்படுத்திய நேரத்தில் 95 சதவீதம் கசிவு இந்த அளவிலோ இதற்குக் கீழேயோ இருந்தது.

இந்தக் கசிவு எண்ணைப் படிப்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். எல்லா மாஸ்க்கிலும் வெளிவிடும் கரியமில வாயு வெளியேறுவதற்கென்றே சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே போகும் காற்று வேண்டுமென்றே வைக்கப்பட்ட கசிவு. அது போயே ஆகவேண்டும். சில கருவிகள் அதையும் சேர்த்து மொத்தமாகக் காட்டும். சில கருவிகள் அதைக் கழித்துவிட்டு, வேண்டாத கசிவை மட்டும் காட்டும். எது எந்த வகை என்று தெரியாமல் இரண்டு பேரின் எண்களை ஒப்பிட்டுப் பார்த்துக் கலங்குவதில் பொருளில்லை. டீச்சரின் கருவி இரண்டாவது வகை. அதில் 24 லிட்டருக்குக் கீழே இருந்தால் கருவி சமாளித்துக்கொள்ளும். 58 என்பது, காற்று முகத்தைச் சுற்றி ஊதிக்கொண்டிருக்கிறது என்பதற்கான எண்.

கசிந்தால் பட்டையை இறுக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். டீச்சரும் இறுக்கினார். மறுநாள் இன்னும் கொஞ்சம் இறுக்கினார். மூக்குத்தண்டில் புண் வந்தது, கசிவோ குறையவில்லை. காரணம், மாஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் சிலிக்கோன் குஷனின் அமைப்பு. பெரும்பாலான குஷன்களில் தடித்த சுவர் ஒன்றும், அதன்மேல் மெல்லிய படலம் ஒன்றும் இருக்கும். காற்று வரும்போது அந்தப் படலம் உப்பி, தோலின்மேல் மிதந்தபடி மேடு பள்ளங்களில் தானாகப் படியும். இறுக்கினால் படலம் மடங்கி நசுங்கிவிடும். நசுங்கிய இடத்தில் மடிப்பு விழும். மடிப்பின் வழியே காற்று பீறிடும். அதனால் கசியும்போது முதலில் செய்யவேண்டியது, கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாஸ்க்கை முகத்திலிருந்து சற்று முன்னால் இழுத்து, குஷன் உப்பிய பிறகு மெல்ல மீண்டும் முகத்தில் படியவிடுவது. பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் எளிதாக நுழைய வேண்டும். காலையில் எழுந்ததும் முகத்தில் ஒரு கோடு தெரிந்து, அரை மணி நேரத்துக்குள் மறைந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகும் சிவப்பு மாறாவிட்டால், தோல் நசுங்குகிறது என்று பொருள்.

முதல் சந்திப்பில் நான் செய்தது

முகத்தை அளந்தேன். மூக்குத்தண்டின் மேற்பகுதியிலிருந்து கீழுதட்டுக்குக் கீழே உள்ள குழிவு வரை நீளம், பிறகு அகலம். நடுத்தர அளவு அவருக்குப் பெரிது என்று தெரிந்தது. அதே மாஸ்க்கில் சிறிய குஷனை மாற்றினேன். பட்டைகளைத் தளர்த்திப் புதிதாக அமைத்தேன். புண் ஆறும்வரை அதன்மேல் ஒட்டிக்கொள்ள மெல்லிய ஜெல் பட்டை கொடுத்தேன்.

இன்னொன்றும் கேட்டேன். அந்த மாஸ்க்கின் கீழ்ப்பட்டைகள் காந்தக் கொக்கிகளால் மாட்டப்படுபவை. "உங்களுக்கோ, உங்கள் அருகில் படுப்பவருக்கோ இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா?" என்று கேட்டபோது, அவருடைய கணவருக்கு நான்கு ஆண்டுகளாக இருக்கிறது என்றார். பேஸ்மேக்கர், மூளை ரத்தநாளத்தில் போட்ட உலோகக் கிளிப் போன்றவை இருப்பவர்களிடமிருந்து இந்தக் காந்தங்கள் குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்று 2022 முதல் எச்சரிக்கைகள் வந்துள்ளன. ஒரே படுக்கையில் படுப்பவர்களுக்கும் அது பொருந்தும். அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. அன்றே சாதாரணக் கொக்கிகளுக்கு மாற்றினோம். மாஸ்க் கொடுக்கும் எவரும் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, கருவியை 10 சென்டிமீட்டர் அழுத்தத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். கசிவு ஏறக்குறைய பூஜ்யம். தலையை இடமும் வலமும் திருப்பச் சொன்னேன், அப்போதும் கசியவில்லை. டீச்சர் மகிழ்ந்தார். நானும் மகிழ்ச்சியோடு அனுப்பிவைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். புண் ஆறியிருந்தது. மற்றவை அப்படியே இருந்தன. கசிவு 49 லிட்டர். பயன்பாடு 2 மணி 40 நிமிடம். "உங்கள் அறையில் போட்டால் சரியாகத்தான் இருக்கிறது. என் வீட்டில் போட்டால் கசிகிறது. இதற்கு என்ன கணக்கு தம்பி?" என்று கேட்டார். கணித ஆசிரியரின் கேள்வி அது. என்னிடம் விடை இல்லை.

வரைபடத்தில் இருந்த விடை

சராசரி எண்களை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வோர் இரவின் கசிவு வரைபடத்தையும் தனித்தனியாக விரித்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். கசிவுக்கு ஒரு வடிவம் உண்டு; அந்த வடிவமே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். வாய் திறந்துகொள்வதால் வரும் கசிவு, உறக்கம் ஆழ்ந்த பிறகு, பெரும்பாலும் பின்னிரவில், திட்டுத்திட்டாக ஏறி இறங்கும். புரண்டு படுப்பதால் வருவது திடீரென்று ஏறி, மறுபடி புரளும்வரை சமமாக நீடிக்கும். கருவி அழுத்தத்தைக் கூட்டும்போதெல்லாம் சேர்ந்தே ஏறினால், குஷன் அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை என்று கொள்ளலாம்.

டீச்சரின் வரைபடம் இவற்றில் எதிலும் சேரவில்லை. மாஸ்க் போட்டதும் முதல் 20, 25 நிமிடங்கள் கசிவே இல்லை. பிறகு ஓரிரு நிமிட இடைவெளி, மாஸ்க் கழற்றப்பட்டிருக்கிறது. மீண்டும் போட்ட நொடியிலிருந்து கசிவு 50 லிட்டர். அதன் பிறகு, பொறுக்க முடியாமல் அவர் கழற்றி வைக்கும்வரை அது இறங்கவே இல்லை. 14 இரவுகளும் இதே கதை. அந்த இடைவெளியைக் கழிப்பறைக்குப் போவது என்று எண்ணி முதலில் கடந்துவிட்டேன். ஆனால் படுத்து 20 நிமிடத்தில் எல்லா இரவும் ஒருவர் கழிப்பறைக்குப் போவாரா? போனாலும், இரண்டே நிமிடத்தில் திரும்பிவந்து மாஸ்க்கை மாட்டியிருப்பாரா?

வரைபடத்தை அவர் பக்கம் திருப்பிவைத்து, "டீச்சர், இந்த இடத்தில் தினமும் என்ன நடக்கிறது?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். வெளியே கணவர் உட்கார்ந்திருந்தார். அறைக்கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "பல்செட்டைக் கழற்றி வைப்பேன். அவர் தூங்கிய பிறகுதான் கழற்றுவேன். பதினோரு வருடமாக அப்படித்தான். அவர் என்னைப் பல் இல்லாமல் பார்த்ததில்லை."

அவருக்கு மேல்தாடை முழுவதும் பொய்ப்பற்கள். கீழே சில சொந்தப் பற்களும் மற்றவை கழற்றி மாட்டுபவையும். அவர் என்னிடம் வந்த இரண்டு முறையும் பல்செட்டோடு வந்தார். நான் அளந்தது பகல் முகம். மாஸ்க் வேலை செய்யவேண்டியது இரவு முகத்தில்.

ஆய்வகத்தில் கட்டில் இருக்கும் அறைக்கு அழைத்துப்போனேன். திரையை இழுத்துவிட்டேன். பெண் ஊழியர் ஒருவரை உடன் இருக்கச் செய்தேன். டீச்சர் பல்செட்டைக் கழற்றி, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தார். நாற்காலியில் பூஜ்யமாக இருந்த கசிவு 46 லிட்டராக ஏறியது. பார்த்தாலே காரணம் தெரிந்தது. கன்னங்கள் உள்வாங்கியிருந்தன, குஷனின் இரு பக்கமும் குழிவு விழுந்திருந்தது. மேலுதடு உள்ளே சுருண்டிருந்தது. தாடைகள் நெருங்கியதால் மூக்குக்கும் மோவாய்க்கும் இடையிலான தூரம் குறைந்து, சிறிய குஷனின் கீழ் ஓரம்கூட உட்கார வேண்டிய குழிவைத் தாண்டி மோவாய் எலும்பின்மேல் ஏறி நின்றது. போதாததற்கு, மல்லாந்து படுத்ததும் கன்னத்துத் தசை காதுப்பக்கம் சரிந்தது. உட்கார்ந்திருக்கும் முகத்துக்கு எடுத்த அளவு இதற்கு எப்படிப் பொருந்தும்?

பல்செட்டோடு தூங்கினால் என்ன என்று தோன்றலாம். டீச்சரே தம் பல் மருத்துவரிடம் கேட்டார். ஈறுகளுக்கு இரவு ஓய்வு வேண்டும், இரவும் பகலும் மாட்டியிருந்தால் அடியில் பூஞ்சைத் தொற்று வரும், ஏற்கெனவே ஒருமுறை வந்திருக்கிறது என்று அவர் மறுத்துவிட்டார். அந்த வழி மூடியது. மூடியது நல்லதற்கே என்று இப்போது நினைக்கிறேன். இல்லையேல் நானும் அதே முழுமுக மாஸ்க்கிலேயே நின்றிருப்பேன்.

இரண்டாம் சுற்று

1980இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையை முதன்முதலில் மனிதர்களிடம் செய்துபார்த்தார். மறு ஆண்டு 'தி லான்செட்' இதழில் 5 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார். அப்போது கடையில் வாங்கக்கூடிய மாஸ்க் என்று ஒன்று இல்லை. மூக்கு வழியாகத்தான் காற்று கொடுத்தார்கள். அந்தத் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொருவரின் மூக்குக்கும் தனியாக அச்செடுத்து மாஸ்க் செய்து, இரவுதோறும் சிலிக்கோன் பசையால் ஒட்டினார்கள். மிகுந்த சிரமம்தான். ஆனால் அந்த மாஸ்க் ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. சிறிது, நடுத்தரம், பெரிது என்று பெட்டியில் வரும் வசதி பின்னால் வந்தது. அதோடு, முகத்தைப் பார்க்காமலே கொடுத்தனுப்பும் பழக்கமும் வந்தது.

கன்னத்தையும் மோவாயையும் நம்பாத மாஸ்க் வேண்டும் என்றால் மூக்கு மாஸ்க்குக்குத்தான் போகவேண்டும். ஆனால் டீச்சர் வாயால் மூச்சு விடுபவர் அல்லவா? "வாயால் மூச்சு விடுகிறேன்" என்பது ஓர் அடையாளம் மட்டுமே; அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். வாயை மூடச் சொல்லி, மூக்கால் மட்டும் மூன்று நிமிடம் மூச்சு விடமுடிகிறதா என்று பார்த்தேன். ஒரு நிமிடத்திலேயே திணறினார். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினோம். ஒவ்வாமையால் மூக்கின் உட்சதை வீங்கியிருந்தது. நடுச்சுவர் லேசாக இடப்பக்கம் வளைந்திருந்தது. அறுவை சிகிச்சைக்கு அவசியமில்லை என்று, ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயும் உப்புநீரால் மூக்கைக் கழுவும் முறையும் எழுதிக்கொடுத்தார். நான்கு வாரத்தில் மூன்று நிமிடச் சோதனையைப் புன்னகையோடு முடித்தார்.

மூக்கு வழியே போனதில் இன்னொரு நன்மையும் உண்டு. முழுமுக மாஸ்க்கின் பட்டைகள் கீழ்த்தாடையைப் பின்னோக்கி அழுத்துகின்றன. தாடையோடு நாக்கும் பின்னால் போகிறது. நாம் திறக்க முயலும் பாதையையே அது குறுக்குகிறது. முழுமுக மாஸ்க்குக்கு அதிக அழுத்தம் தேவைப்படுவதையும், மிச்சமிருக்கும் மூச்சுத்தடை அதிகமாக இருப்பதையும் ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. மூக்கு அறவே அடைத்திருப்பவர்களுக்கு அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் முதலில் எடுத்து நீட்டவேண்டிய மாஸ்க் அது அல்ல.

மூக்குத்தண்டில் புண் ஆறிய இடம் இன்னும் மென்மையாகவே இருந்தது. அதனால் தண்டைத் தொடாமல், மூக்குக்கு அடியில் தொட்டில்போல் ஏந்தும் வகையை முதலில் தேர்ந்தேன். இந்த முறை கட்டிலில், பல்செட் இல்லாமல், மல்லாந்தும் இரு பக்கம் ஒருக்களித்தும் சோதித்தோம். மல்லாந்தபோது நன்றாக இருந்தது. வலப்பக்கம் திரும்பியதும் கசிந்தது. தொட்டிலின் முன் ஓரம் மேலுதட்டின்மேல் சாய்ந்து நிற்கவேண்டும். பல் இல்லாத மேலுதடு அதைத் தாங்காமல் உள்ளே போய்விட்டது. இப்படி நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உதட்டுக்குப் பின்னால் பல் இருப்பதை நாம் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறோம்!

அடுத்தது, மூக்குத்துளைகளின் வாயிலில் நேராகப் பொருந்தும் இரண்டு சிறு சிலிக்கோன் கூம்புகள் கொண்ட வகை. இதற்குக் கன்னமும் வேண்டாம், உதடும் வேண்டாம். துளையின் விளிம்பு மட்டும் போதும். டீச்சரின் இடத்துளை வலத்தைவிடச் சிறியது. இடத்துக்குப் பார்த்துச் சிறிய அளவு கொடுத்தால் வலத்தில் காற்று கசிந்தது. நடுத்தர அளவு இரண்டிலும் பொருந்தியது. இடப்பக்கம் முதல் சில நாட்கள் எரிச்சல் இருந்தது. கூம்பைத் துளைக்குள் திணிக்கக்கூடாது, வாயிலில் உட்காரவைத்தால் போதும், காற்றே அதை விரித்துப் பொருத்திக்கொள்ளும் என்று கண்ணாடி முன்னால் அவரையே பத்து முறை போட்டுக் கழற்றச் சொன்னேன். பத்தாவது முறை கண்ணாடி இல்லாமல், இருட்டில் போடுவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு போட்டார்.

குழாயையும் மாற்றினோம். முகத்துக்கு முன்னால் தொங்கும் குழாய், புரளும்போதெல்லாம் மாஸ்க்கை இழுத்துக்கொண்டு போகும். உச்சந்தலைமேல் குழாய் இணையும் சட்டம் உள்ள மாடலைக் கொடுத்ததும் அந்தத் தொல்லை போனது. முதல் வாரம் இரவில் போடவே வேண்டாம் என்றேன். பகலில் விழித்திருக்கும்போது, கருவியை ஓடவிட்டு, அரை மணி நேரம் ஏதாவது படிக்கும்படி சொன்னேன். வாரக்கணக்கில் பட்ட வேதனைக்குப் பிறகு அந்தக் கருவியைப் பார்த்தாலே அவருக்கு நெஞ்சு படபடத்தது. அந்தப் பயம் அறிவுரையால் போகாது, பழக்கத்தால்தான் போகும்.

முதல் பத்து இரவுகளின் வரைபடம் வந்தது. 20ஆவது நிமிடத்தில் மதில்சுவர்போல் எழும்பி நின்ற கசிவு மறைந்துவிட்டது. பயன்பாடு 4 மணி 50 நிமிடம். ஆனால் விடியற்காலை 3 மணிக்கு மேல் சிறு சிறு மேடுகள் தெரிந்தன. காலையில் வாய் வறண்டிருப்பதாகவும் சொன்னார். இது வாய்க் கசிவு. பல் இல்லாதபோது உதடுகள் இயல்பாக ஒட்டி நிற்பதில்லை.

வாயை டேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார், யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். அவருக்கு இரவில் நெஞ்செரிச்சலும் எதிர்க்களிப்பும் உண்டு. மூக்கடைப்பும் எந்த நாளும் திரும்பி வரலாம். அந்த நிலையில் வாயை ஒட்டிவைப்பது ஆபத்து. மோவாயைத் தூக்கிக் கட்டும் பட்டையையும் யோசித்துவிட்டுக் கைவிட்டேன். மேல் பற்கள் தடுக்காத நிலையில், கீழ்த்தாடை அளவுக்கு மேல் ஏறியும் பின்னால் நகர்ந்தும் போகக்கூடும் என்று அஞ்சினேன். செய்தது இரண்டே மாற்றங்கள். ஈரப்பதமூட்டியின் அளவைக் கூட்டி, வெப்பக் குழாய் சேர்த்தோம். வாய் வழியே காற்று வெளியேறும்போது மூக்கின் உள்ளே உலர்ந்த காற்று ஒரே திசையில் பாய்ந்து, சதை வீங்கி, மூக்கடைத்து, வாய் இன்னும் திறக்கும். ஈரக்காற்று அந்தச் சுழற்சியை உடைக்கும். மற்றொன்று மருத்துவர் செய்தது. மூக்கு மாஸ்க்குக்கு வந்த பிறகு அவருக்குத் தேவைப்பட்ட அழுத்தம் 13.4இலிருந்து 10.1 ஆகக் குறைந்திருப்பதைத் தரவில் பார்த்து, மேல் எல்லையை 16இலிருந்து 12 ஆக இறக்கினார். மேடுகள் முற்றிலும் போகவில்லை. ஆனால் வாரத்தில் ஓரிரு இரவுகளில் மட்டும் வரும் அளவுக்குத் தணிந்தன.

மூன்றாம் மாதக் கணக்கு: பயன்பாடு இரவுக்கு 6 மணி 5 நிமிடம். கசிவு 16 லிட்டர். மூச்சுத்தடை மணிக்கு 3. இரவுக்கு 4 மணி நேரம், பத்தில் ஏழு இரவுகள் என்பது வழக்கமாகக் கொள்ளப்படும் குறைந்தபட்ச அளவு. டீச்சர் ஒரே ஓர் இரவைத்தான் தவறவிட்டிருந்தார், அதுவும் சளி பிடித்திருந்ததால். ரத்த அழுத்தம் குறைந்திருந்தது. அதில் சிபேப்பின் பங்கு எவ்வளவு, அந்தக் காலத்தில் மருத்துவர் மாற்றிய மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது.

இதன் பிறகு எங்கள் ஆய்வகத்தில்

மாஸ்க் பொருத்தும் படிவத்தில் நான் சேர்த்தவை சில. இரவில் பல்செட் கழற்றுவீர்களா? படுக்குமுன் முகத்தில் க்ரீம் பூசுவீர்களா? எண்ணெய்ப்பசை இருந்தால் குஷன் வழுக்கும். சிலிக்கோனும் விரைவில் கெடும். படுக்கையில் கண்ணாடி அணிந்து படிப்பீர்களா? எந்தப் பக்கம் படுப்பீர்கள்? தாடி வைத்திருப்பவர் மழிக்கப் போகிறாரா, வளர்க்கப் போகிறாரா? இவற்றைச் சிலர் வேறு ஒருவர் முன்னால் சொல்லமாட்டார்கள் என்பதை டீச்சரிடம் கற்றேன். அதனால் உடன் வந்தவரைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறேன். நாற்காலியில் பொருத்திப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். எல்லோரையும் கட்டிலில், இரவில் இருக்கும் கோலத்தில், அவர்களுக்கு இரவில் தேவைப்படும் அழுத்தத்தில், அவர்கள் படுக்கும் பக்கத்தில் படுக்கவைத்துப் பார்க்கிறேன். கூடுதலாக 20 நிமிடம் ஆகிறது. நோயாளிகள் நிறைய இருக்கும் நாளில் அந்த 20 நிமிடம் பெரிய சுமைதான். ஆனாலும் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பராமரிப்பில் டீச்சருக்குச் சொல்லவேண்டியது அதிகம் இருக்கவில்லை. குஷனைத் தினமும் மென்மையான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துகிறார். பட்டைகளை வாரம் ஒருமுறை துவைக்கிறார். எதை எந்தத் தேதியில் மாற்றினார் என்று நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதிவைத்திருக்கிறார். நெகிழ்வு போன பட்டையை இறுக்குவதைவிட மாற்றுவதே நல்லது என்பதை அவர் இப்போது மற்ற நோயாளிகளுக்குச் சொல்லுகிறார். காத்திருக்கும் இடத்தில் அவர் குரல் எனக்குக் கேட்கும்.

ஆறாம் மாதம் வந்தபோது இடத்துளையின் விளிம்பில் லேசான சிவப்பு இருந்தது. கூம்புகள் தேய்ந்து ஓரம் கடினமாகியிருந்தன, புதியது மாற்றினேன். வழக்கம்போல் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். தொடக்கத்தில் இருந்த அந்த இரண்டு நிமிட இடைவெளியைக் காணவில்லை. எந்த இரவிலும் இல்லை. புதிய மாஸ்க் மூக்கில் மட்டும்தான் இருக்கிறது. கழற்றாமலே பல்செட்டை எடுக்க முடியும் என்பதால் இருக்கலாம் என்று நினைத்து, கேட்டேன்.

"அதனால் இல்லை தம்பி" என்றார். "இப்போது விளக்கு எரியும்போதே கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிடுகிறேன். பிறகுதான் மாஸ்க். அவர்தான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைக்கிறார்."